கிடங்கில விழுந்த வீல்: முதல்ல எதுக்குக் காசு குடுக்கிறது?

கேள்வி: அண்ணா, போன கிழமை இரவு கந்தளாயில இருந்து வரேக்க தம்பலகாமம் பக்கத்தில மழைத்தண்ணி நிண்ட ஒரு கிடங்கில முன் இடப்பக்க வீல் படார் எண்டு விழுந்திட்டுது. வெளியில பாத்தா ஒரு கீறல்கூட இல்ல, ஆனா 80ல போனா ஸ்டியரிங் உதறுது. ஒரு டயர் கடையில அலைன்மென்ட் (வீல் நிக்கிற கோணத்த நேராக்கிறது) செய்யச் சொல்லுறாங்க, இன்னொரு இடத்தில ரிம் போயிட்டுது, நாலையும் செட்டா மாத்துங்க, அதுதான் லாபம் எண்டுறாங்க. வண்டி வாகன் ஆர், ஜப்பான் வண்டி, அலோய் வீல். ஆர நம்புறது? (உப்புவெளி வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டு பேருக்கும் இப்ப காசு குடுக்காதீங்கோ. வண்டி ஒரு பக்கமா இழுத்தா, இல்லாட்டி நேரா போகேக்க ஸ்டியரிங் கோணலா நிண்டா, அது அனேகமா அலைன்மென்ட் பிரச்சினை. குறிப்பிட்ட ஸ்பீட்ல மட்டும் உதறுறது அனேகமா ரிம் வளைஞ்சதால, டயர் அடிபட்டதால, இல்லாட்டி பலன்ஸ் ஈயம் (வீல் ஆடாமச் சுத்த ரிம்மில ஒட்டுற சின்னக் கட்டி) கழண்டு விழுந்ததால. வளைஞ்ச ரிம்மோட அலைன்மென்ட் செய்தா உதறல் அப்பிடியே இருக்கும், ரிம் மாத்தின பிறகு திரும்பவும் செய்யச் சொல்லுவாங்க.

வெளியில கீறல் இல்ல எண்டதை வச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது. கிடங்கில விழேக்க கூடுதலா வளையுறது ரிம்மின்ட உள்பக்க விளிம்புதான், அது நிண்டு பாத்தா தெரியாது. வீட்டிலயே பாக்கலாம். மட்டமான இடத்தில நிப்பாட்டி, ஸ்டியரிங்க ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு, போன் டோர்ச்ச அடிச்சு உள்பக்க விளிம்பப் பாருங்கோ, பிறகு டயரின்ட உள்பக்கச் சுவரைக் கையால ஒருக்காத் தடவுங்கோ. எங்கயாவது முட்டை மாதிரி புடைச்சிருந்தா உள்ளுக்க நூல் அறுந்திட்டுது எண்டு அர்த்தம், அந்த டயர் முடிஞ்சுது, அதுக்கு பெச்சும் இல்ல வல்கனைசும் இல்ல. "கொஞ்ச நாளைக்கு ஓடும்" எண்டு எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேக்காதீங்கோ, ஹபரணை ரோட்டில ராத்திரி யானை நிக்கிற இடத்தில அது வெடிச்சா அவர் வரமாட்டார். உங்கட வண்டிக்கு ஸ்பெயார் வீலும் இல்ல, பின்னால இருக்கிறது பசை போத்தலும் காத்தடிக்கிற சின்ன மோட்டரும்தான், டயர் சுவர் கிழிஞ்சா அந்தப் பசை பிடிக்காது.

அடுத்தது, பின்வீலுக்குக் கல்லு வச்சு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கியர நியூட்ரல்ல போட்டு முன் வீல ஜக்கில தூக்குங்கோ (வண்டிக்குக் கீழ மட்டும் போகாதீங்கோ). ஒரு செங்கல்லில ஈர்க்கு ஒண்டக் கட்டி அதின்ட நுனிய ரிம் விளிம்புக்குக் கிட்ட, முட்டாம வச்சிட்டு வீல மெல்லச் சுத்துங்கோ. இடைவெளி ஒரே அளவா இருந்தா நல்லம், ஒரு இடத்தில கிட்ட வந்து ஒரு இடத்தில விலகினா ரிம் வளைஞ்சிருக்கு. பிறகு பாத்திரம் கழுவுற லிக்விட தண்ணியில கலந்து விளிம்பு சுத்தி ஊத்துங்கோ, நுரை கொப்புளிச்சா அதால காத்துப் போகுது. வெடிப்பும் இப்பிடித்தான் கூடுதலாப் பிடிபடும்.

இதுக்குப் பிறகு டயர் கடைக்குப் போய் பலன்ஸ் மெசின்ல போடச் சொல்லுங்கோ, ஆனா கதிரையில இருந்து போன் பாக்காம மெசினுக்குப் பக்கத்தில நில்லுங்கோ. சுத்தேக்க விளிம்பு ஆடுதா எண்டு உங்கட கண்ணாலயே தெரியும். ஆடுற ரிம்முக்கு ஈயத்த ஈயத்துக்கு மேல ஒட்டி நம்பர் சைபர் எண்டு காட்டி அனுப்புறவங்களும் இருக்கினம், மெசின்ல சைபர் வந்தாலும் ரோட்டில உதறும்.

ரிம் கொஞ்சமா வளைஞ்சு வெடிப்பு இல்லாட்டி நிமித்தலாம். வெடிச்ச அலோய வெல்டிங் பண்ணி ஓட நான் சொல்லமாட்டன், எவ்வளவு மலிவெண்டாலும். அதுக்காக நாலையும் மாத்தத் தேவையில்ல, ஒண்டு போதும், அதே மொடல் பழைய ரிம் கொழும்பில வண்டிச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து எடுப்பிக்கலாம். வாங்கேக்க பின்பக்கத்தப் பாருங்கோ, புதுப் பெயின்ட் பளபளத்தா சந்தேகப்படுங்கோ, அதுக்குக் கீழ வெல்டிங் இருக்கும். டொயோட்டா விட்ஸ் ரிம்மும் நாலு நட், நட் ஓட்டையள் இருக்கிற வட்டமும் அதே 100 மில்லிமீட்டர், அதால "இதுவும் பொருந்தும்" எண்டு தருவாங்க. பொருந்தும்தான், ஆனா ரிம்மோட வாற டொயோட்டா நட்டின்ட புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர், உங்கட சுசுகிக்கு 1.25. மாறிப் போட்டு இறுக்கினா ஸ்டட் (நட் பூட்டுற ஆணி) புரி போயிடும், அதுக்கு வேற செலவு.

டயரும் மாத்துறதெண்டா சுவரில ஓவல் பெட்டிக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2424 எண்டா 2024ம் ஆண்டு 24வது கிழமை செய்தது. வருசக்கணக்கா கடையில கிடந்த டயர புது விலைக்கு வாங்காதீங்கோ. மற்ற முன் டயர் நல்லாத் தேஞ்சிருந்தா முன்னுக்கு ரெண்டையும் சேத்து மாத்துறதுதான் சரி. எல்லாம் முடிஞ்ச பிறகு, கடைசியா, அலைன்மென்ட்.

கேள்வி: கிடங்கில விழுந்து ரிம், டயர் போனா இன்சூரன்ஸ் கிடைக்குமா? (நிலாவெளி வாசகி)

பதில்: தேர்ட் பார்ட்டி எண்டா இல்ல அக்கா. ஃபுல் எண்டாலும் பொலிசி பேப்பர எடுத்து டயர் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ, டயர் மட்டும் சேதமானா தரமாட்டம் எண்டு கனபேர் போட்டிருப்பாங்க. க்ளைம் பண்ணுறதெண்டா இடத்தில நிண்டே போன் எடுங்கோ, கிடங்கையும் வீலையும் படம் எடுங்கோ. ஒரு ரிம்முக்காக நோ க்ளைம் போனஸ் (க்ளைம் பண்ணாததுக்குத் தாற கழிவு) போனா அடுத்த வருசம் எவ்வளவு கூடும் எண்டும் அவங்களிட்டயே கேளுங்கோ, சில நேரம் கையால குடுக்கிறதே மலிவு.

கேள்வி: நிமித்தித் தந்த ரிம் ரெண்டாம் நாளே காத்து விடுது, கடைக்காரர் கையை விரிக்கிறார். (சீனக்குடா வாசகர்)

பதில்: பில் இருக்கா? இருந்தா ஒருக்காத் திரும்பப் போய் மரியாதையாக் கேளுங்கோ, சரிவராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடியுங்கோ. முறைப்பாட்ட எழுத்தில, வேலை செய்து மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும். பில் வாங்காம விட்டிருந்தா, அந்த ரிம்முக்கு சவர்க்காரத் தண்ணி ஊத்தி வீடியோ எடுத்து வச்சுக்கொண்டு போங்கோ.