தோட்டம் கேள்வி – பதில்: குளிர்நாட்டில் விதையிலிருந்து வெங்காயம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தலைமுறையாக வெங்காயச் செய்கை உண்டு. இங்கே, சென்ற ஆண்டு, பனி முற்றிலும் விலகட்டும் என்று காத்திருந்து மே மாதக் கடைசியில் பெரிய வெங்காய விதையைப் பாத்தியில் நேரே தூவினேன். விதைப் பையில் நீண்ட பகல் வகை என்றுதான் எழுதியிருந்தது. செப்டம்பரில் பிடுங்கிப் பார்த்தால் காய் கோலிக்குண்டு அளவுதான். எரு போதவில்லையா? இவ்வாண்டு எப்போது தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: எருவின்மேல் குற்றமில்லை, விதைத்த தேதியின்மேல்தான் குற்றம். வெங்காயம் தாள் விடுவதை நிறுத்திவிட்டுக் காய் திரளத் தொடங்குவது பயிரின் வயதைப் பார்த்து அன்று, பகல்பொழுதின் நீளத்தையும் அதனுடன் கூடிவரும் வெப்பத்தையும் பார்த்துத்தான். நீண்ட பகல் வகைகளுக்குப் பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். டொராண்டோவில் மே மாதத் தொடக்கத்திலேயே பகல் அந்த நீளத்தை எட்டி, ஜூன் 21 வாக்கில் 15 மணி நேரத்தையும் கடந்து உச்சத்துக்குப் போய்விடுகிறது. அந்தச் சமயத்தில் உங்கள் பாத்தியில் இருந்தவை மூன்று தாள் விட்ட நாற்றுகள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரியும் வெளி வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு தாளின் தடித்த அடிப்பகுதியே என்பதால், மூன்று தாள் உள்ள பயிர், எவ்வளவு எரு போட்டாலும், மூன்று வளையத்துக்கு மேல் என்ன செய்ய முடியும்? பகல் நீள்வதற்கு முன்பே பயிருக்கு எட்டுப் பத்துத் தாள்களையாவது சேர்த்துக் கொடுப்பதுதான் குளிர்நாட்டு வெங்காயக்காரரின் வேலை. காய் திரளும் நாளை நம்மால் தள்ளிப்போட இயலாது.

ஆகவே கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். உங்கள் பகுதியில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முற்பாதியில் விழும். வெளிக்குளிருக்குப் பழக்கப்படுத்திய வெங்காய நாற்று இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். தக்காளியைப் போல அதற்காக மே கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே முதல் வாரத்துக்குள் நடலாம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன், அதாவது ஜனவரிக் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள், வீட்டுக்குள்ளே விதைத்துவிட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் விதைத்தாலும் காய் கிடைக்கும், சற்றுச் சிறுத்திருக்கும். டொராண்டோவுக்கு வடக்கே ஹாலண்ட் மார்ஷ் கருமண் வயல்களில் வசந்தத்தில் நேரடியாகவே வெங்காய விதை ஊன்றுகிறார்களே என்று கேட்கலாம். அது வடிகால் வெட்டி மீட்ட சதுப்பு நிலம். பொலபொலவென்ற அந்த மண்ணில், நிலம் பண்பட்டவுடனேயே இயந்திரத்தால் விதைத்துவிடுகிறார்கள். வீட்டுக் கொல்லையின் களிமண்ணில் அதே காரியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

விதை புதியதாக இருக்கட்டும். வெங்காய விதையின் உயிர் குறுகியது. இரண்டாம் ஆண்டிலேயே முளைப்பு கணிசமாகக் குறைந்துவிடும். பழைய பை கையில் இருந்தால் பத்து விதைகளை ஈரத் தாளில் சுருட்டி வைத்துப் பாருங்கள். பத்து நாளில் ஏழுக்குக் குறைவாக முளைத்தால் புதிய பை வாங்குவதே மலிவு.

மூன்று விரல் ஆழமுள்ள தட்டில், சலித்த தென்னை நார்க்கழிவும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, முதலிலேயே நனைத்துக்கொள்ளுங்கள். விதைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தூவி, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் மூடுங்கள். குழித்தட்டு என்றால் குழிக்கு நான்கைந்து விதை போடலாம்; அவற்றைப் பிரிக்காமல் கொத்தாகவே நட்டாலும் காய்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திரளும். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். முளை நேராக வராது. கொண்டை ஊசிபோல் மடிந்து, வளைந்த முதுகைத்தான் முதலில் மண்ணுக்கு மேலே காட்டும். பிறகு நுனியை உருவி எடுக்கும்போது அந்த நுனியில் கறுப்பு விதைத்தோல் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். நான் ஒருமுறை அப்படி உதவி செய்யப்போய் ஒரு வரிசையையே வேரோடு பிடுங்கினேன். தானாக உதிரட்டும்.

முளைத்த பிறகு வெப்பத்தைக் குறைத்து (15 முதல் 18 டிகிரி போதும்) வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். பிப்ரவரி மாதத்துச் சன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று தலைமயிர்போல் நீண்டு சாயும். சாதாரண வெள்ளை எல்ஈடி குழல்விளக்கை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிடுங்கள். நாளொன்றுக்கு 12 மணி நேரம், மிஞ்சிப்போனால் 14 மணி நேரம் எரிந்தால் போதும். இரவும் பகலும் எரியவிட்டால் அதுவே நீண்ட பகலாகிவிடும். தட்டிலேயே காய் திரளத் தொடங்கும் அபாயம் உண்டு. தாள் ஒரு சாண் நீளத்தை நெருங்கும்போது கத்தரிக்கோலால் நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். நாற்று சாயாமல் நிற்கும். வெட்டிய தாளை முட்டைப் பொரியலில் போட்டால் அந்த மாதத்தின் முதல் அறுவடை.

நடுவதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பிருந்தே தட்டை வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில், வேர் மறைந்து வெண்தண்டு சிறிதளவு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். ஆழப் புதைத்தால் கழுத்து தடித்துக் காய் சரியாகத் திரளாது. களை தலையெடுக்க விடாதீர்கள். வெங்காயத் தாள் மண்ணுக்கு நிழல் தராது என்பதால் களை அதை எளிதில் அமுக்கிவிடும்.

யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தை வரவழைத்து நடலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது குறுகிய பகலுக்குப் பழகிய பயிர். ஏப்ரலில் நட்டாலும் 13 மணி நேரப் பகலைக் கண்டவுடன், வளர்வதற்குள்ளேயே திரண்டு நின்றுவிடும். மேலும் விதையையோ காயையோ நாடு கடந்து கொண்டுவருவதற்குத் தாவரத் தடைக்காப்பு விதிகள் உண்டு. ஆசை புரிகிறது, ஆனாலும் கனடாவில் விற்கும் நீண்ட பகல் ஷாலட் விதையே உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: நாற்றுகள் நன்றாக முளைத்து, இரண்டு வாரத்தில் அடித்தண்டு நூலாக இளைத்து ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. தினமும் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் தெளிக்கிறேன்.
– வாசகர் ஒருவர், லண்டன்

பதில்: கடைசி வரியிலேயே காரணத்தை எழுதிவிட்டீர்கள். இது நாற்றழுகல் நோய். எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் பூஞ்சை பெருகுவதால் வருவது. சாய்ந்தவை பிழைக்கமாட்டா, அவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறிந்துவிடுங்கள். மற்றவற்றுக்குத் தட்டின் அடியிலிருந்து தண்ணீர் காட்டி, மேல்மண் வெளிறிய பிறகே அடுத்த முறை நனையுங்கள். மூடி இருந்தால் கழற்றிவிட்டு, சிறிய மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். அடுத்த முறை புதிய கலவையும் கழுவிய தட்டும் பயன்படுத்துங்கள். இங்கிலாந்தில் கண்காட்சிக்குப் பெருவெங்காயம் வளர்ப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே விதைப்பது மரபு. அவர்களிடம் விளக்கும் சூடேற்றிய கண்ணாடிக்கூடமும் உண்டு. சமையலுக்கு வளர்க்கும் நமக்கு அந்த அவசரம் வேண்டாம். பிப்ரவரியில் விதைத்து ஏப்ரலில் நட்டால் போதுமானது.

கேள்வி: விதைக்குப் பதிலாகக் கடையில் விற்கும் சிறு நடவுக்காய்களை நடுவது எளிதல்லவா? ஆனால் சென்ற ஆண்டு பாதிக்கு மேல் பூந்தண்டு விட்டுவிட்டன.
– வாசகி ஒருவர், பர்மிங்காம்

பதில்: எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெங்காயம் இரண்டு ஆண்டுப் பயிர்: முதல் ஆண்டில் காய், குளிரைக் கண்ட பின் இரண்டாம் ஆண்டில் பூ. நடவுக்காய் தன் முதல் ஆண்டை ஏற்கெனவே முடித்துக்கொண்டு வருகிறது. வசந்தத்தில் சில வாரம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் நீடித்தால் பூக்கும் காலம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொள்கிறது. விதையிலிருந்து வந்த நாற்றுக்கு அந்த முற்பிறவி இல்லை. பென்சில் கனத்தைத் தாண்டாத வரை குளிர் அதை அவ்வளவாகத் தூண்டாது. வகைத் தேர்வும் விதையில்தான் அதிகம். ஸ்காட்லாந்தின் பழைய ஏல்சா கிரெய்க் இனிப்பான பெரிய காய், ஆனால் நாள்பட நிற்காது. பேட்டர்சன் போன்ற கெட்டிக் காய் நன்கு காயவைத்தால் வசந்தம்வரை கிடக்கும். நடவுக்காயே வேண்டுமென்றால் வெப்பப் பதம் செய்ததை, அதாவது பூந்தண்டு விடுவதைக் குறைக்கச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தியதை, கேட்டு வாங்குங்கள். அவற்றுள்ளும் பெரியதைவிடச் சிறியது மேல்.

கேள்வி: ஊட்டியும் குளிர்ப்பிரதேசம்தானே? இணையத்தில் வாங்கிய ஐரோப்பிய வெங்காய விதை தாளாகவே ஓங்கி வளர்கிறது. ஆறு மாதமாகியும் காய் இல்லை.
– வாசகர் ஒருவர், உதகமண்டலம்

பதில்: குளிர் ஒத்துப்போகிறது, பகல் ஒத்துப்போகவில்லை. உதகையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அந்த விதையோ 14 மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்ப்பது. அது எத்தனை மாதம் காத்திருந்தாலும் காய் திரளாது. தாளைப் பறித்துக் குழம்புக்குப் பயன்படுத்திக்கொண்டு பாத்தியைக் காலி செய்யுங்கள். குறுகிய பகல் வகையான பல்லாரி விதையை, பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா கல்யாண், அர்கா நிகேதன் போன்றவற்றை, வாங்கிக்கொள்ளுங்கள். உறைபனி விலகும் பிப்ரவரிக் கடைசியில் நடுவதற்கு ஏற்றபடி ஜனவரித் தொடக்கத்தில், பனி படாத கூரையடியில் நாற்று விடுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் காய் முதிர்ந்து தாள் சாய்ந்துவிட வேண்டும். நனைந்த கழுத்தோடு பிடுங்கிய வெங்காயம் ஒரு மாதம்கூட நிற்காது.