ஆறுதல் தேடுவது முறையா?

கேள்வி: 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தபோது, கூடலூரிலிருந்து உதவிக்குச் சென்றவர்களில் நானும் ஒருத்தி. மீட்டு வரப்பட்ட பெண்களின் உடல்களைக் கழுவித் துணி சுற்றும் பணியில் மேப்பாடியில் ஆறு நாட்கள் இருந்தேன். இன்றும் இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் சொன்னால், "போய் வந்தது போதும், இனி அந்தப் பேச்சே வேண்டாம்" என்கிறார்கள். உறவுகளை இழந்தவர்களே தாங்கிக்கொண்டிருக்கும்போது, உதவிக்குப் போன நான் ஆறுதல் தேடுவது முறையா? யாரிடம் தேடுவது? மறுபடியும் அழைத்தால் போகலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கூடலூர்

பதில்: அன்புச் சகோதரி, முறைதான். இழந்தவர்களின் துயரத்தோடு உங்கள் துயரத்தை ஒப்பிட்டு அளக்க வேண்டியதில்லை. ஆறு நாட்கள் உங்கள் கைகள் செய்த வேலையின் பாரம் அது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், உடல்களை அடக்கம் செய்யும் குழு ஒன்றில் நான் இருந்தேன். மூன்றாம் நாள் அக்கரைப்பேட்டையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, எத்தனை முறை கழுவியும் ப்ளீச்சிங் பவுடர் நெடி போகாத கையைச் சோற்றில் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த லாரி ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் தம் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவரும் முதல் நாளிலிருந்து கரண்டியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எங்கள் குழுவின் மாலைக் கூட்டங்களில் அரிசியையும் தார்ப்பாயையும் பற்றி மணிக்கணக்கில் பேசினோமே தவிர, "ராத்திரி தூங்கினாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, நீங்கள் முதலில் தேட வேண்டியவர் அந்த ஆறு நாட்களும் உங்களுக்கு எதிரே நின்று தண்ணீர் ஊற்றிய பெண்தான். அவருடைய எண் உங்களிடம் இருக்கும். இல்லையென்றால் உங்களை அழைத்துச் சென்றவர்களிடம் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலும் அவரும் இதே எண்ணத்தில், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதென்று பேசாமல் இருப்பார். நான்கைந்து பேர் ஒருவர் வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டாலே போதுமானது. அங்கே நடந்ததை எல்லாரும் வரிசையாகச் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கட்டாயமாகச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பேச வந்தவர் பேசட்டும், வெங்காயம் மட்டும் நறுக்கிக்கொண்டிருப்பவர் நறுக்கட்டும். கைப்பேசியில் எவரிடமாவது உடல்களின் படங்கள் இருந்தால், அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மனம் இடம் கொடுத்தால், ஒரு நாள் சேர்ந்தே புத்துமலைக்குப் போய் வாருங்கள். அடையாளம் தெரியாதவர்களை வெறும் எண்களோடு அடக்கம் செய்த அந்த நிலத்தில், மரபணுச் சோதனைக்குப் பிறகு சிலருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. உங்கள் கைகள் கழுவியவர்களில் ஒருவரின் பெயரும் அவற்றில் இருக்கக்கூடும்.

வீட்டாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை அந்த நினைவிலிருந்து மீட்கத்தான் அவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். "பதில் சொல்ல வேண்டாம், பத்து நிமிடம் கேட்டால் போதும்" என்று அம்மாவிடமோ, நெருக்கமான வேறொருவரிடமோ சொல்லிப் பாருங்கள். ஆனால் உங்கள் தூக்கக் கலக்கம் இத்தனை காலம் நீடித்திருப்பதால், தோழிகளின் துணையோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டாம். 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரை நேரில் பார்ப்பது இன்னும் நல்லது.

மறுபடியும் அழைத்தால் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மழை இரவில் முழுதாகத் தூங்கும் நிலை வரும்வரை களத்துக்குப் போக வேண்டாம். கூடலூரிலிருந்தே துணிமணிகளைப் பிரித்து அனுப்பும் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கும் ஆள் எப்போதும் குறைவுதான். பிறகு போகும்போது தனியாகப் போகாமல், அந்தத் தோழியையும் அழைத்துக்கொண்டு, ஒருவர் சோர்ந்தால் இருவருமே திரும்பிவிடுவோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.