கணவர் ஊருக்கு வரும் நாட்களில் மட்டும் கருத்தடை மாத்திரை போடலாமா?

கேள்வி: என் வயது 27. திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 40 நாள் போல வந்து போவார். மகனுக்கு ஒன்றரை வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். அடுத்த குழந்தை இரண்டு வருடம் கழித்துப் போதும் என்று இருக்கிறோம். எங்கள் ஊர் நர்சம்மா மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை மூன்று அட்டை கொடுத்தார். அவர் இருக்கும் நாட்களில் மட்டும் போட்டால் போதாதா? நடுவில் மறந்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு அவ்வப்போது ஒற்றைத் தலைவலி வரும். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை சூடாகி அப்புறம் பிள்ளை தங்காது என்று நாத்தனார் சொல்கிறார். தை பிறந்ததும் கணவர் வருகிறார். மாசி மகத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும், அந்த நேரம் விலக்கு வராமல் இருக்கவும் வழி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் மூன்றாவதாகச் சொன்ன தலைவலியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை உங்களுக்கு ஏற்றதா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

தலைவலி தொடங்குவதற்கு முன்னால், சுமார் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, கண்ணுக்குள் கோணல்மாணலாக மின்னும் கோடுகள் தெரிகின்றனவா? பார்வையில் ஓர் இடம் மட்டும் மறைந்துபோகிறதா? ஒரு பக்கக் கையோ முகமோ மரத்துப்போகிறதா, பேச்சு தடுமாறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மாலா-என் போன்ற இரட்டை ஹார்மோன் மாத்திரையை நீங்கள் தொடவே கூடாது. அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் இத்தகைய தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது. தலை வலிக்கும்போது வெளிச்சம் பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்பது வேறு. அது சாதாரண ஒற்றைத் தலைவலியிலும் உண்டு. அந்த வகைதான் உங்களுக்கு என்றால், 35 வயதுக்குக் கீழே இருப்பதால் மாத்திரை போடலாம். போட ஆரம்பித்த பிறகு தலைவலி அதிகமானாலோ, புதிதாக அந்த மின்னல் கோடுகள் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து ரத்த அழுத்தம். பார்க்காமல் முதல் மாத்திரையைப் போடாதீர்கள். துணை சுகாதார நிலையத்திலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மாத்திரை வேண்டாம், வேறு முறை பார்க்கலாம். ஆரம்பித்து மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். காலில் ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இப்போது மஞ்சள் காமாலையோ கடுமையான கல்லீரல் நோயோ இருப்பவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள் யாரும் இதைப் போடக் கூடாது. பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான், அதனால் தாய்ப்பால் உங்களுக்குத் தடையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால் சாப்பிடுபவர்களுக்குக் கல்லீரல் இந்த ஹார்மோன்களைச் சீக்கிரம் கரைத்துவிடும். மாத்திரை போட்டும் கரு தங்கிவிடலாம். சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்றவை அப்படிச் செய்வதில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். அவர் இருக்கும் நாளில் மட்டும் போட்டால் போதாது. வலி மாத்திரை போல, தேவைப்பட்ட அன்று போட்டு வேலை வாங்கும் மருந்து அல்ல இது. மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 வெள்ளை மாத்திரைகளில்தான் மருந்து: ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம். நிறம் மாறியிருக்கும் கடைசி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். வெள்ளையை ஏழு நாள் விடாமல் போட்டால்தான் சினைப்பை முழுதாக ஓய்ந்து முட்டையை வெளிவிடாமல் இருக்கும். இரும்பு மாத்திரை போடும் ஏழு நாளில் அது மெல்ல விழிக்கத் தொடங்கும். எட்டாம் நாள் புது அட்டையின் வெள்ளை மாத்திரை போய் அதை மறுபடி ஓயவைக்கும். ஏழு நாள் என்பது ஒன்பது, பத்து நாளாக நீண்டால் முட்டை வளர்ந்து வெளியேறிவிடலாம். மாத்திரை போட்டும் கருத்தரித்தவர்களிடம் துருவிக் கேட்டால், பலருக்கும் தவறு நடந்தது அட்டையின் நடுவில் இருக்காது. பழைய அட்டை முடிந்து புது அட்டை தொடங்கும் அந்த வரப்பில்தான் வழுக்கியிருப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் இப்போது கரு இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. எனவே எந்த நாளிலும் தொடங்கலாம். அவர் வருவதற்கு முந்தைய விலக்கின் முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. விலக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், அவர் விமானம் இறங்குவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாகவாவது தொடங்கிவிடுங்கள். டிக்கெட் தேதி முன்னால் தள்ளிவிட்டால் ஏழு மாத்திரை முடியும் வரை ஆணுறை வேண்டும். அவர் திரும்பிப் போன அன்றே பாதி அட்டையில் நிறுத்திவிடாதீர்கள். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கையில் இருக்கும் அட்டையின் 21 வெள்ளை மாத்திரையையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை தொடங்கி நிறுத்துவதை நான் விரும்பவில்லை. காரணம் ரத்தக்கட்டி. மாத்திரை போடாத, கருத்தரிக்காத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வரும். உங்கள் மாத்திரையின் வகை போடுபவர்களில் அது 5 முதல் 7 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் இதைவிட அதிகம். ஆபத்து சிறியதுதான், ஆனால் அது தொடக்க மாதங்களில்தான் உச்சம். நான்கு வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் அந்த உச்சமும் திரும்பி வரும். எனவே போடுவதென்றால் வருடம் முழுக்கத் தொடர்ந்து போடுங்கள். இல்லையென்றால் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். தினமும் நினைவு வைக்க வேண்டாம், ஹார்மோன் கிடையாது, ஒற்றைத் தலைவலி எந்த வகையாக இருந்தாலும் தடையில்லை, இரண்டு வருடம் கழித்து எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்கலாம். உங்கள் நிலைமைக்கு என் மனம் காப்பர்-டி பக்கம்தான் சாய்கிறது. முடிவு உங்களுடையது.

மாத்திரைதான் என்று முடிவு செய்தால், நேரத்தை இரவுச் சாப்பாட்டோடு கட்டிவிடுங்கள். விடியற்காலையில் நடவுக்கோ களையெடுக்கவோ கிளம்பும் அவசரத்தில் மாத்திரை நினைவுக்கு வராது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அட்டையில் உள்ள வரிசையிலேயே எடுங்கள், கைக்கு வந்ததைப் பிதுக்கக் கூடாது. சரியாகப் போட்டால் வருடத்தில் 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் மறதியும் தாமதமும் சேரும்போது அது 100 பேரில் 7 பேர் ஆகிவிடுகிறது. இந்த வித்தியாசம் முழுவதும் போடும் விதத்தில் இருக்கிறது.

மறந்தால் என்ன செய்வது? இரவு 8 மணிக்குப் போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மறந்து, செவ்வாய் பகலில் நினைவு வந்தால் உடனே போடுங்கள், செவ்வாய் இரவு வழக்கமானதையும் போடுங்கள். செவ்வாய் இரவுதான் நினைவு வந்தது என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். பயமில்லை, ஆணுறையும் தேவையில்லை. திங்கள், செவ்வாய் இரண்டும் விட்டுப்போய்ப் புதன் இரவு ஆகிவிட்டால் அது வேறு கணக்கு. கடைசியாக விட்ட ஒன்றை உடனே போட்டு, அதற்கு முன் விட்டதை எறிந்துவிட்டு, அன்றைய மாத்திரையையும் போட்டு வரிசையைத் தொடருங்கள். அடுத்து ஏழு நாள் விடாமல் போட்டு முடிக்கும் வரை ஆணுறை கட்டாயம்.

இப்படி இரண்டு விட்டது எந்த வாரம் என்பதையும் பார்க்க வேண்டும். அட்டையின் முதல் வாரமாக இருந்து, முந்தைய ஐந்து நாளில் உறவும் இருந்திருந்தால், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். மருந்துக்கடையில் இல்லையென்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெள்ளையின் மூன்றாவது வாரமாக இருந்தால், வெள்ளையை முடித்து, இரும்பு மாத்திரை ஏழையும் ஒதுக்கிவிட்டு மறுநாளே புது அட்டையைப் பிரியுங்கள். இரும்பு மாத்திரையை மறந்தால் கருத்தடை கெடாது. புது அட்டை தொடங்கும் நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது. அதனால் வீட்டில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரமும் சாலையும் இல்லாமல் கிடந்த நாட்கள் உங்கள் பகுதிக்கு மறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே அட்டையை வாங்கி, அடுப்படியில் வைக்காமல், ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.

மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். வாந்தி, பேதி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரண்டு மாத்திரை விட்டதாகவே கணக்கு. பக்கத்து வீட்டில் வாரத்துக்கு ஒரு மாத்திரைதான் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் குழம்பாதீர்கள். அது சாயா என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்பது அதன் முறை. மாலா-என்னை அந்த முறையில் போட்டால் கருத்தடையே இருக்காது.

மாசி மகத்துக்குக் கடையில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வெள்ளை 21 முடிந்த மறுநாள், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டுப் புது அட்டையின் முதல் வெள்ளையைத் தொடங்குங்கள். அந்த அட்டையின் வெள்ளை முடியும் வரை விலக்கு தள்ளிப்போகும். லேசாகத் துளித்துளியாகப் படலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. விலக்கைத் தள்ளிப்போடக் கடையில் கொடுக்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதீர்கள், அதைக் கருத்தடை என்றும் நம்பாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பு கனம், இடையில் துளி ரத்தம் இருக்கலாம், தானாக அடங்கும். அதற்காக நிறுத்துவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வந்தால் இரண்டு காலும் வலிக்கும், அது வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உடனே மருத்துவமனை போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வராத கடும் தலைவலி, ஒரு பக்கம் செயலிழப்பது, பார்வை மங்குவது, வாய் குழறுவது என்றால் 108-ஐ அழையுங்கள். மாத்திரை போடுவதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். மாமியாருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கினால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம்.

நாத்தனார் சொல்லும் சூடு கர்ப்பப்பையில் ஏறுவதில்லை. சினைப்பையை ஓயவைப்பதுதான் மாத்திரையின் வேலை. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் முட்டை வெளியாகத் தொடங்கிவிடும். எத்தனை வருடம் போட்டாலும் நடுவில் உடம்புக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று ஒரு மாதம் விடத் தேவையில்லை, அந்த ஓய்வு மாதத்தில் கருத்தரித்தவர்கள் நிறைய. மாத்திரையில் விலக்கு குறைவாகப் படும், ரத்தசோகைக்கு அது நல்லது. இரும்பு மாத்திரை நாட்களில் விலக்கே வராமல் போனால், எதையும் விடாமல் போட்டிருந்தீர்கள் என்றால் புது அட்டையை உரிய நாளில் தொடங்குங்கள். விட்டிருந்தாலோ, இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒருவேளை கரு தங்கியிருந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும். தெரியாமல் போட்ட மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று பயந்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், அப்படி வருவதில்லை.