ஆர்.டி.இ.யில் படித்த மகளுக்கு 7.5 விழுக்காடு கிடைக்குமா?

ஐயா, தங்கள் மகள் எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) கீழ் தனியார் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலும் படித்ததால் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு பொருந்தாது என்று யாரோ கூறியதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதியாயினும், இந்த ஒதுக்கீட்டுக்கான தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் மகளைப் போன்றோரையும் அரசுப் பள்ளி மாணவராகவே கருதுகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தோர்க்கு இது பொருந்தாது.

அச்சட்டம் தருவது கல்லூரியில் இடம் மட்டுமே. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்பது முதலமைச்சர் 2021 செப்டம்பர் 20 அன்று இந்த ஒதுக்கீட்டில் சேர்வோர்க்கெனத் தனியே அறிவித்த சலுகை. ஆகவே கலந்தாய்வில் இந்த ஒதுக்கீட்டின் வழியாகவே இடம் பெற்றிருக்க வேண்டும்; கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால், தகுதி இருந்தும் பயனில்லை. கல்லூரி முகவர்களின் பேச்சை நம்பி அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

தனியார் பள்ளியில் சேர்க்கை கல்வி உரிமைச் சட்டத்தின்படி நடந்தது என்பதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் தரும் சான்று மட்டும் போதாது. இதே படிப்பு வரலாற்றைக் கொண்டு, உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தங்கள் மகள் விண்ணப்பிக்கலாம்.