கீழ்வீட்டுப் புகை: சுத்திகரிப்பான் மட்டும் போதாது

ஏர் பியூரிஃபையர் வாங்கியும் கீழ்வீட்டு சிகரெட் நாற்றம் போகவில்லை, இரவில் தொண்டை இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பியூரிஃபையரில் இருக்கும் ஹெப்பா (HEPA) என்ற நுண்துகள் வடிகட்டி துகள்களைத்தான் பிடிக்கும், 0.3 மைக்ரான் அளவில்கூட 99.97 சதவீதம், ஆனால் நாற்றம் வாயுவாக வருவது, அதற்குக் கரி வடிகட்டி வேண்டும், அதுவும் பேருக்கு ஒட்டிய மெல்லிய கரித்தாள் என்றால் சீக்கிரமே உறிஞ்சும் திறன் போய்விடும். முதலில் புகை எங்கே நுழைகிறது என்று பாருங்கள், குழாய் போகிற ஓட்டை, ஜன்னல் இடுக்கு, கதவடி இதையெல்லாம் அடைத்தால் குறையும், முழுசாக நிற்காது. அப்புறம், தொண்டை இறுகுவதெல்லாம் மனப்பிரமை என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். இளைப்பும் இருந்தால் ஆஸ்துமாவா என்று ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனை, எடுத்துப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கீழ்வீட்டுக்காரரிடம் புகைக்காதீர்கள் என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். எந்த நேரம் புகைப்பார் என்று கேளுங்கள், அப்போது ஜன்னலை மூடிக்கொள்ளலாம்.