எந்தக் கடல், எந்த மாதம்?

வணக்கம் சார்,

நாங்கள் தஞ்சாவூர். கடல் என்றால் எங்களுக்குத் தரங்கம்பாடிதான். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று 2025 மே கடைசி வாரத்தில் முதல்முறையாக வர்க்கலை போனோம். கேரளத்தில் ஜூன் 1-க்குப் பிறகுதானே மழை என்று நினைத்துவிட்டோம். நான்கு நாளும் கொட்டித் தீர்த்தது. சிவப்புக் கொடி நட்டு, காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள், கால் நனைக்கக்கூட விடவில்லை. மணலே இல்லை, அலை நேராகக் குன்றில் மோதியது. மேற்குக் கடல் எப்போதும் இப்படித்தானா? குடும்பத்தோடு போக நம் கிழக்குக் கரைதான் நல்லதா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்தது அந்தக் கடலின் ஒரு பருவத்தை மட்டும். பருவமழை தொடங்க வழக்கமான நாள் ஜூன் 1 என்பது சரிதான், அந்த வருடம் மட்டும் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. எந்தக் கரை நல்லது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த மாதம் போகிறீர்கள், அப்போது காற்று எங்கிருந்து அடிக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூனில் குளச்சலில் இரண்டு நாள் இருந்துவிட்டு அப்படியே கிழக்குக் கரைக்குப் போனேன். நாகர்கோவிலில் பஸ் ஏறும்போது ஷட்டரை இறக்கிவிட்டும் மடியெல்லாம் ஈரம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டியதும் மழை சட்டென்று நின்றுவிட்டது, காற்று மட்டும் நிற்கவில்லை, முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன, வள்ளியூர் வருவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வருகிற காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதுதான் தரங்கம்பாடியில் கச்சான்.

அங்கே மறுநாள் பத்து மணிக்கே மணல் சுட்டது. கடலோ கரையோரம் குளம்போலக் கிடந்தது, தரைக்காற்று அலையை அமுக்கி வைத்திருந்தது. ஒரு பையனின் பந்து தண்ணீரில் விழுந்தது. அலை அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை, காற்று தள்ளிக்கொண்டே போனது. இவன் பின்னாலேயே இறங்கி இடுப்பளவு, அப்புறம் மார்பளவு போய்விட்டான். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “கச்சான் அடிக்கிறப்ப மிதக்கிறதெல்லாம் வெளியேதான் போகும், பந்து போனா போகட்டும்டா” என்றார். அதனால் கிழக்கே ஜூன், ஜூலையில் போனால் விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். காற்றடைத்த டியூப், மிதவை எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டு கரையின் வித்தியாசத்தை ஒரே மாவட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரிக்குப் போங்கள். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, ஜூன் பாதிக்குமேல் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும், அதே மாவட்டத்தில் குளச்சல் படகுகள் கட்டிக் கிடக்கும்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் மேற்குக் கடலோரத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் வரும். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயற்காற்றில் எழுந்த அலை பல நாள் பயணம் செய்து கரைக்கு வந்து திடீரென்று ஏறும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிக் கடல் சீறிய நேரத்தில்தான். எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. இன்றுவரை அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை. கோடை விடுமுறையில் கிளம்புமுன் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கே போனபிறகு மீனவர் யாரிடமாவது கேளுங்கள். அந்த விசில்காரர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் புயலும் மழையும் இருக்கிற காலம், அப்போது தரங்கம்பாடியை விட்டுவிடலாம். அங்கே 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள்.

வர்க்கலைக்குப் பொங்கல் விடுமுறையில் மறுபடி போங்கள். மழையில் அலை இழுத்துக்கொண்டு போன மணலைப் பெரும்பாலும் அதே கடல் மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கும். நீங்கள் அலை மோதப் பார்த்த அந்தக் குன்றின் அடியிலேயே பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கும்.