ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஒரு ஹெக்டேராகச் சுருங்கியது ஏன்?

உயரத் தரவைக் கொண்டு கணினியில் கணக்கிட்டபோது ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது மழைநீர் அதற்கு வடிந்துவரும் நிலம், மிகச் சிறியதாக வந்தது என்றும், மென்பொருளை மறுபடி நிறுவலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் குறித்த கடைவாய்ப் புள்ளி (அந்நிலத்தின் நீர் முழுதும் வெளியேறும் இடம்) தரவில் ஓடை ஓடும் கட்டத்தில் விழாமல் கரைமேல் விழுந்திருப்பதால்தான், 4 சதுர கிலோமீட்டர் வரவேண்டிய நீர்ப்பிடிப்புப் பகுதி ஒரு ஹெக்டேராக வந்திருக்கிறது. மென்பொருளை மறுபடி நிறுவுவதால் எதுவும் மாறாது.

30 மீட்டர் உயரத் தரவு நிலத்தை 30 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் தருவது; அதில் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். சிற்றோடையின் அகலமோ சில மீட்டர்தான். ஆகவே ஜிபிஎஸ் புள்ளி களத்தில் சரியாகவே இருந்தாலும், தரவு கணித்த ஓடை பக்கத்துக் கட்டத்தில் ஓடக்கூடும். உங்களுக்குக் கிடைத்த ஒரு ஹெக்டேர், அதாவது 11 கட்டங்கள், கரைச்சரிவில் வடியும் நீரை மட்டுமே காட்டுகின்றன.

1. நீரோட்டத் திரட்சிப் படலத்தில் (ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று காட்டும் வரைபட அடுக்கு) அப்புள்ளியின் மதிப்பைப் பாருங்கள். 4 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4,400 இருக்க வேண்டும்.

2. அம்மதிப்புள்ள அண்டைக் கட்டத்துக்குப் புள்ளியைக் கையால் நகர்த்தி மீண்டும் கணக்கிடுங்கள். தானாக நகர்த்தும் வசதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது சுற்றிலும் அதிக நீர் சேரும் கட்டத்தைத் தேடுவதால், ஓடை ஆற்றில் கலக்குமிடம் அருகில் இருந்தால் புள்ளி ஆற்றுக்குத் தாவி, பரப்பு பல மடங்கு பெருகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாலைக் கரைக்கு அடியில் நீர் கடக்கும் குழாய்ப் பாலம் உயரத் தரவில் தெரியாது. கரை அணைபோல நின்று ஓடையைத் திசைதிருப்பிவிடும். திருத்திய நீர்ப்பிடிப்பு எல்லை சாலையை ஒட்டியே நேர்கோடாகப் போனால், பாலம் உள்ள கட்டங்களின் உயரத்தைக் குறைத்துவிட்டுக் கணக்கை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.